காய்கறி, பழங்களைக் கழுவ சோப்பும் உப்பும் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. நான் இப்போது மீண்டும் கருவுற்று நான்காம் மாதத்தில் இருக்கிறேன். காய்கறி, பழங்கள் வாங்கி வந்த அன்றே எல்லாவற்றையும் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் கழுவி, உப்பும் சிறிது வினிகரும் கலந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மறுபடியும் இரண்டு முறை அலசிய பிறகே ஃபிரிட்ஜில் வைக்கிறேன். இவ்வளவு செய்தும் பழங்கள் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடுகின்றன. திராட்சை மேல் இருக்கும் வெள்ளைப் பொடி எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. அதைக் குழந்தைக்குக் கொடுக்கவே பயமாக இருக்கிறது. "தண்ணீரில் அலசினால் போதாதா?" என்று என் மாமியார் கேட்கிறார். யார் செய்வது சரி? இத்தனை நாள் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்ததால் குழந்தைக்கு ஏதாவது தீங்கு நேர்ந்திருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். சோப்புத் திரவத்தில் கழுவிய பின் பலமுறை நல்ல நீரில் அலசிய பழத்தில் எஞ்சியிருக்கக்கூடிய சோப்பு மிகச் சொற்பமானது. அந்தத் திரவம் ஓரளவுக்கு வயிற்றுக்குள் போயிருந்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். குழந்தை வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடி வளர்ந்து வருகிறதென்றால், நடந்ததை எண்ணி நீங்கள் வருந்த வேண்டியதில்லை. ஆனால் இன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் எஃகுக்கும் கண்ணாடிக்கும் பீங்கானுக்குமாகத் தயாரிக்கப்படுவது. அவற்றின் பரப்பு எதையும் உள்ளே இழுப்பதில்லை. பழத்தோல் அப்படிப்பட்டதல்ல. அதில் நுண்துளைகள் உண்டு, காம்பு அறுந்த இடம் உண்டு, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு. அவற்றின் வழியே சோப்பு உள்ளே இறங்கிவிட்டால் பிறகு எத்தனை முறை அலசினாலும் முழுதாக வெளியேறாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சோப்பையும் டிடர்ஜென்ட்டையும் மட்டுமல்ல, காய்கறி கழுவுவதற்கென்றே விற்கப்படும் திரவங்களையும் வேண்டாம் என்றே சொல்கிறது. ஓடும் நீரும் தேய்க்கும் கையும் போதும் என்பதுதான் அதன் அறிவுரை; நானும் அதையே சொல்வேன்.

இது உங்களுக்கு நம்பிக்கை தராமல் போகலாம். வெறும் தண்ணீர் எப்படிக் கிருமியைக் கொல்லும் என்று கேட்பீர்கள். கொல்லாது. கழுவுவது கிருமியைக் கொல்லும் வேலையே அல்ல. ஒட்டிக்கொண்டிருப்பதைப் பெயர்த்து, நீரோடு போகவிடும் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் தாமாகவே விளங்கும். கிருமிகளும் மண்ணும் ஒட்டுண்ணிகளின் முட்டைகளும் பூச்சிக்கொல்லியின் ஒரு பகுதியும் தோலின் மேல் ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பெயர்ப்பது விரல்களின் உராய்வு, அடித்துச் செல்வது நீரின் ஓட்டம். ஊறவைக்கும்போது இந்த இரண்டுமே நடப்பதில்லை. நல்ல நீரில் நன்றாகக் கழுவினால் தோலின் மேலுள்ள பாக்டீரியாக்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோ குறைகின்றன; முற்றிலும் ஒழிவதில்லை. இலையின் சுருக்கங்களிலும் வெட்டுப்பட்ட ஓரங்களிலும் பிசின்போன்ற படலத்தை உண்டாக்கி அதற்குள் அவை ஒட்டிக்கொள்வதே காரணம். ஆகவே ஒரு மணி நேரம் ஊறியதால் காய் "சுத்தமாகிவிட்டது" என்ற நிம்மதி தவறானது. ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஊறவைக்கும்போது, ஒரு கீரைக்கட்டில் இருந்த அழுக்கு மற்ற எல்லாவற்றின் மேலும் பரவவும் வழி ஏற்படுகிறது.

உப்பைப் பற்றியும் வினிகரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வினிகரில் ஐந்து சதவீத அளவுக்கு அசெட்டிக் அமிலம் இருக்கிறது. அதை நேரடியாகவோ தாராளமாகவோ பயன்படுத்தினால் சில கிருமிகள் குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு பெரிய பாத்திரம் நிறைய நீரில் இரண்டு கரண்டி ஊற்றும்போது அந்த அமிலம் அநேகமாக ஒன்றும் செய்வதில்லை, பழத்தின் சுவையை மட்டும் சிறிது மாற்றுகிறது. உப்புக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு. காலிஃபிளவர், புரோக்கோலி போன்றவற்றின் பூக்களுக்கு இடையில் சிறு பச்சைப் புழுக்கள் ஒளிந்திருக்கும். பூக்களைப் பிரித்துப் பத்து நிமிடம் உப்பு நீரில் போட்டால் அவை வெளியே வந்துவிடும். அதற்கு மேல் உப்பிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். (அந்தப் பச்சைப் புழு மூளைக்கு ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் பலர் எனக்கு எழுதுகிறார்கள். அது ஏறாது. மூளையைத் தாக்குவது வேறொன்று: மனித மலம் கலந்த மண்ணின் அல்லது நீரின் வழியே காய்கறிகளில் ஒட்டும் பன்றி நாடாப்புழுவின் முட்டைகள். அவை கண்ணுக்கே தெரியாதவை. பச்சையாகச் சாப்பிடும் இலைகளைத் தேய்த்துக் கழுவச் சொல்வதற்கு அவையும் ஒரு காரணம்.) வீட்டைத் துடைக்கும் பிளீச்சிங் திரவத்தைக் காய்கறியின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

இனிப் பூச்சிக்கொல்லி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தினர் பன்னிரண்டு பூச்சிக்கொல்லிகளை எடுத்துக்கொண்டு, குழாய் நீரில் அலசிய காய்கறி, பழங்களையும் அலசாதவற்றையும் ஒப்பிட்டார்கள். பன்னிரண்டில் ஒன்பதின் எச்சம் வெறும் குழாய் நீரிலேயே குறைந்தது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, எந்த மருந்து நீரில் அதிகம் கரையும் என்பதற்கும் எது அதிகம் நீங்கியது என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதுதான். அதாவது, மருந்தைக் கரைப்பதைவிட அடித்துச் செல்வதே நீரின் முக்கிய வேலையாக இருந்திருக்கிறது. காய்கறி கழுவும் திரவங்களையும் அவர்கள் சோதித்தார்கள். அவை தண்ணீரைவிடச் சிறப்பாக எதையும் செய்யவில்லை.

சமையல் சோடாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிள்களின் மேல் தையாபெண்டசோல், பாஸ்மெட் என்ற இரண்டு மருந்துகளைத் தடவி, ஒரு நாள் கழித்து, லிட்டருக்குப் பத்து கிராம் சமையல் சோடா கலந்த நீரில் கழுவிப் பார்த்தார்கள். தோலின் மேலிருந்த முதல் மருந்து பன்னிரண்டு நிமிடத்திலும் இரண்டாவது பதினைந்து நிமிடத்திலும் நீங்கின. வெறும் நீரைவிட இது நல்ல பலன். ஆயினும் அதே ஆய்வில், முதல் மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரு நாளுக்குள் தோலுக்குள் ஊடுருவிவிட்டதும் தெரிந்தது. அந்தப் பங்கைச் சோடாவால் எட்ட முடியவில்லை. குழந்தைக்குத் தோலோடு ஆப்பிள் கொடுக்க விரும்பினால், நேரம் இருக்கும் நாளில் இப்படிச் செய்துவிட்டுப் பிறகு ஓடும் நீரில் அலசிக்கொள்ளலாம். செய்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். அது இரண்டு குறிப்பிட்ட மருந்துகளுக்கும் ஒரே ஒரு பழத்துக்குமான முடிவு. வேர் வழியாக உறிஞ்சப்பட்டுச் செடி முழுவதும் பரவும் மருந்துகளும் உண்டு. அவை காய்க்குள்ளேயே இருப்பதால் எந்தக் கழுவலும் அவற்றைத் தொடாது. அவற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது வயலில் தெளிக்கும் முறையும் அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியும் எச்சத்துக்கு அரசுகள் விதிக்கும் உச்சவரம்பும்தாம். சமையலறையில் நின்று அந்தப் பாரத்தையும் நீங்களே சுமக்க முடியாது. ஒரே காயைத் தினமும் கொடுக்காமல் பலவற்றை மாற்றி மாற்றிக் கொடுப்பதால், எந்த ஒரு மருந்தும் தொடர்ந்து உடலில் சேர்வது குறையும். அது நம் கையில் இருக்கிறது.

எப்படிக் கழுவுவது என்பதற்கு வருகிறேன். முதலில் கைகள்: சோப்புப் போட்டு இருபது நொடி. சோப்பு தேவைப்படும் இடம் அதுதான். அடுத்தது சிங்க். சிங்க்கின் அடியில் நேற்றுக் கழுவிய பாத்திரத்தின் எச்சமும் இறைச்சி கழுவிய நீரும் படிந்திருக்கலாம். ஆதலால் அதை அடைத்து நீர் நிரப்பி அதற்குள் காய்களைப் போடாதீர்கள். துளையுள்ள கூடையிலோ தனிப் பாத்திரத்திலோ வைத்துக் கழுவுங்கள். குழாய் நீர் குடிக்கத் தகுந்ததாக இல்லாவிட்டால், பச்சையாகச் சாப்பிடுபவற்றைக் கடைசியாகக் காய்ச்சி ஆறிய நீரில் அலசுங்கள். தோல் உரிக்கப் போகும் காயையும் பழத்தையும் உரிப்பதற்கு முன்பே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தோலின் மேலிருப்பதைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும். வெட்டிய பிறகு கழுவாதீர்கள். வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகள் வெட்டுப்பட்ட இடத்தின் வழியே கழுவும் நீரோடு போய்விடும்.

கீரைக்கும் கொத்தமல்லிக்கும் மட்டும் நான் குழாயோடு ஒரு அகலமான பாத்திரத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வேரையும் அழுகிய இலைகளையும் நீக்கி, கட்டைப் பிரித்து, பாத்திரம் நிறைய நீரில் இலைகளை அமிழ்த்திக் கையால் நன்றாக அளைந்துவிடுங்கள். ஒரு நிமிடம் சும்மா விட்டால் இலைகள் மேலே மிதக்கும், மணல் அடியில் படியும். இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள்: பாத்திரத்தைச் சாய்த்து நீரைக் கொட்டும்போது அடியில் படிந்த மணல் அவ்வளவும் கலங்கி மறுபடி இலைமேல் வந்து உட்காருகிறது. இலைகளை இரு கைகளாலும் மேலாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகு நீரைக் கொட்டுங்கள். அடியில் விரலை வைத்துப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டுப்பட்டால் புது நீரில் மறுபடி ஒருமுறை, மணல் தட்டுப்படாமல் போகும்வரை. கடைசியில் கூடையில் போட்டு ஓடும் நீரில் ஒரு அலசல். முட்டைக்கோஸில் வெளியிலுள்ள இரண்டு மூன்று இலைகளைக் களைந்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

தக்காளியில் பலரும் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. வெயில் சூட்டோடு இருக்கும் தக்காளியைக் குளிர்ந்த நீரில் போட்டால், உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, காம்பு இருந்த குழியின் வழியே வெளிநீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நீரில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போகிறது. தக்காளியைப் பெருமளவில் கழுவிப் பெட்டியில் அடைக்கும் கூடங்களில் தொட்டி நீரைப் பழத்தைவிட ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் வைத்திருப்பது இதனால்தான். நீங்கள் வெப்பமானி தேட வேண்டாம். குளிர்ந்த நீரில் ஊறவைக்காமல், சாதாரண வெப்பத்தில் ஓடும் நீரில், காம்புக்குழியைச் சுற்றி விரலால் தேய்த்துக் கழுவினால் போதும். ஆப்பிளுக்கும் இதுவே பொருந்தும். காம்புக்குழியும் அடிக்குழியும்தான் அழுக்குச் சேரும் இடங்கள்.

உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளரிக்காய் ஆகியவற்றுக்கு, காய்கறிக்கென்றே தனியாக வைத்த சுத்தமான பிரஷ் போதும். காளானை விரைவாக அலசித் துடைத்துவிடுங்கள். முலாம்பழத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். தோலைத்தான் சாப்பிடப் போவதில்லையே என்று அதைக் கழுவாமல் வெட்டுவார்கள். 2011இல் அமெரிக்காவில் லிஸ்டீரியா கிருமி பரவிய முலாம்பழங்களால் 147 பேர் நோயுற்று 33 பேர் இறந்தார்கள். அந்தப் பழத்தின் வலைபோன்ற சொரசொரப்பான தோல் கிருமிக்கு நல்ல புகலிடம். ஒருமுறை கத்தி இறங்கினால் தோலில் இருப்பது சதைக்கு வந்துவிடும். பிரஷால் தேய்த்து, கழுவி, துடைத்து, அதன் பிறகு வெட்டுங்கள். வெட்டியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நீங்கள் கருவுற்றிருப்பதால் இந்த லிஸ்டீரியாவைப் பற்றிக் கூடுதலாகக் கவனம் தேவை. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளை அது தாக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போனாலும் கருவுக்குப் பெரிய ஆபத்தாகலாம். மேலும் அது ஃபிரிட்ஜின் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது. மண்ணில் ஓராண்டுக்கும் மேல் உயிரோடிருக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் கருவுக்கு ஆபத்தானதே. மண் ஒட்டிய காய்களை நீங்கள் கையுறை அணிந்து கழுவுங்கள், அல்லது அந்த வேலையை இந்த மாதங்களில் வேறொருவர் பார்க்கட்டும். பிரசவம் வரை கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். உணவின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தொடும்படி வெந்தால், கழுவலில் தப்பியவையும் அழியும். முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளால் ஏறத்தாழ நாலாயிரம் பேர் நோயுற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதையின் இடுக்கில் இருக்கும் கிருமி, முளைவிடத் தேவையான அதே ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் பெருகுகிறது. பிறகு அதைத் தண்ணீரால் நீக்க முடியாது. வேகவைத்துச் சாப்பிட்டால் தடையில்லை. உங்கள் குழந்தைக்கும் இதே விதி.

பழங்கள் இரண்டே நாளில் பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம் நீங்கள் முன்கூட்டியே கழுவி வைப்பதுதான். பூஞ்சையின் நுண்வித்துகள் எல்லாப் பழத்தின் மேலும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஈரம். பழங்களைக் கழுவாமல் உலர்வாக வைத்திருந்து, சாப்பிடும் நேரத்தில், சாப்பிடும் அளவை மட்டும் எடுத்துக் கழுவுங்கள். ஸ்ட்ராபெர்ரிக்கு இது மிகவும் முக்கியம். காம்பைக் கிள்ளாமல் கழுவிப் பிறகு கிள்ள வேண்டும். வேலைக்குப் போகும் அவசரத்தால் கீரையை முதல் நாளே கழுவித்தான் வைக்க வேண்டுமென்றால், ஈரம் போகும்வரை சுத்தமான துணியில் பரப்பி உலர்த்திய பிறகு எடுத்து வையுங்கள். கழுவிய எதையும் சுத்தமான துணியால் துடைப்பது கிருமியை மேலும் குறைக்கும். கை துடைக்கும் துணியையோ மேடை துடைக்கும் துணியையோ அதற்குப் பயன்படுத்திவிட்டால் அதுவரை கழுவியதெல்லாம் வீண்.

உங்கள் மாமியார் சொன்னதைப் பற்றி. தண்ணீர் போதும் என்று அவர் சொல்வது சரி. ஆனால் அலசுவது என்பதை ஒருமுறை முக்கி எடுப்பதாக அவர் எண்ணினால், அது போதாது. ஓடும் நீரில், ஒவ்வொன்றாக, கையால் தேய்த்து என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். கீரைப் பாத்திரத்தின் அடியில் படியும் மணலை ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்த்தால் அதற்கு மேல் வாதம் இருக்காது.

கடைசியாகத் திராட்சை. அந்த வெள்ளைப் பொடி மருந்தல்ல. திராட்சை தன் தோலின் மேல் தானே உண்டாக்கிக்கொள்ளும் மெழுகு. கொடியிலேயே, எந்த மருந்தும் படாத பழத்திலும் அது இருக்கும். பழத்தின் ஈரம் ஆவியாகாமல் காப்பது அதன் வேலை. சாம்பல் பூத்ததுபோல் பழம் முழுவதும் ஒரே சீராகப் படிந்து, விரல் பட்ட இடத்தில் மட்டும் தோலின் நிறம் பளிச்சென்று தெரிந்தால் அது மெழுகுதான். பழம் அதிகம் கைபடாமல் வந்திருக்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம். மருந்தோ தூசியோ உலர்ந்து படிந்திருந்தால், திட்டுத்திட்டாகவோ நீர் வழிந்த தடமாகவோ இருக்கும். கொத்தைச் சிறு கொத்துகளாகப் பிரித்து, கூடையில் வைத்து, ஓடும் நீரில் விரல்களை இடையில் விட்டுப் புரட்டிப் புரட்டிக் கழுவுங்கள். மெழுகு எஞ்சியிருந்தால் இருக்கட்டும், அதைச் சாப்பிடுவதால் தீங்கில்லை. ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் திராட்சையில் உள்ள உண்மையான ஆபத்து அதன் உருண்டை வடிவம். முழுப் பழம் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடக்கூடும். கழுவித் துடைத்த ஒவ்வொரு பழத்தையும் நீளவாக்கில் நான்காகக் கீறி, விதை இருந்தால் நீக்கி, குழந்தை உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து கொடுங்கள்.